சல்மனுக்குக் கும்பிடு, சம்பலுக்குப் பேரம்

போன மாதம் அம்மாவுக்கு 65 வயது. எங்கே சாப்பிடப் போவது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஆறு நாள் சண்டை. "யப்பான்காரற்றை கடைக்குப் போவம்" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். அவருக்கு டெம்புரா பிடிக்கும். கடைசியில் வரும் பச்சைத் தேத்தண்ணி ஐஸ்கிறீமும் பிடிக்கும். ஆக, நாடு முடிவாகிவிட்டது. கடைதான் முடிவாகவில்லை.

மூன்றாம் நாள் சித்தியின் மகன் ஒரு எக்செல் ஷீட் அனுப்பினான். பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறான், கெட்டிக்காரன். ரொறன்ரோ, மார்க்கம், ஸ்காபரோ என்று பதினொரு யப்பானிய உணவகங்கள். விலை, தூரம், பார்க்கிங், சூழல், 'அசல் தன்மை' என்று ஐந்து பத்திகள். நூறு புள்ளியில் நாற்பது அசல் தன்மைக்கு மட்டும். நாங்கள் பதினைந்து வருடமாகப் போய்வரும் ஸ்காபரோக் கடை, ஒரே விலைக்கு வேண்டிய அளவு சாப்பிடும் 'ஓல் யூ கான் ஈட்' கடை, பதினோராம் இடத்தில் இருந்தது. பக்கத்தில் ஒரு குறிப்பு: "உண்மையான யப்பான் சாப்பாடு இல்லை. முதலாளி சீனர். அங்கிள்மாருக்குச் சரி."

அந்த அங்கிள்மாரில் என்னையும் சேர்த்துவிட்டான் போலிருக்கிறது. எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன்.

இப்படியான ஷீட் எனக்குப் புதிதில்லை. பொறியியலில் மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு ஐ.ரி. ஆலோசகராக வேலை செய்கிறேன். எந்த மென்பொருளை வாங்குவது என்று ஒரு நிறுவனம் முடிவு செய்யும்போது இதே மாதிரி அட்டவணைதான் போடுவோம். அதில் ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. யார் வெல்லவேண்டும் என்று முதலே முடிவெடுத்துவிட்டு, அதற்கு ஏற்றபடி புள்ளிகளைப் பிரித்துப் போடுவார்கள். தம்பி வேண்டுமென்று அதைச் செய்யவில்லை. ஆனால் அவனுடைய தலைக்குள் யாரோ அந்தப் பிரிப்பை முதலே செய்து வைத்திருக்கிறார்கள். உங்களில் பலருடைய தலைக்குள்ளும் அதே ஷீட் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். ஆகவே அந்த நாற்பது புள்ளியைப் பற்றி இன்றைக்குக் கொஞ்சம் சண்டை பிடிப்போம்.

சல்மன் இல்லாத ஒரு சுஷிக் கடையை உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா? யப்பானில் சல்மனைப் பச்சையாகச் சோற்றின் மேல் வைத்துச் சாப்பிடுகிற வழக்கம் முன்பு இருக்கவில்லை. அங்கே பிடிபடுகிற சல்மனில் புழு இருக்கும் என்று உப்புப் போட்டு, வாட்டித்தான் சாப்பிட்டார்கள். 1980களில் நோர்வேயில் பண்ணைச் சல்மன் மிஞ்சத் தொடங்கியது. விற்க இடம் தேடிய நோர்வேக்காரர்கள் 'யப்பான் திட்டம்' என்று ஒன்றைத் தொடங்கி, எங்கள் சல்மனைப் பச்சையாகச் சாப்பிடலாம் என்று வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி யப்பானியரை இணங்க வைத்தார்கள். நீங்கள் 'உண்மையான யப்பான்' என்று படம் எடுத்துப் போடுகிற அந்தச் செம்மஞ்சள் துண்டு நோர்வேயின் வியாபாரம்.

கலிபோர்னியா ரோலைத் தான்தான் உருவாக்கினதாக வான்கூவரில் கடை நடத்தும் ஹிடெகாசு டோஜோ சொல்கிறார். இல்லை, எங்களுடையது என்று லொஸ் ஏஞ்சலஸ்காரர்கள் சொல்கிறார்கள். எப்படியும் அது பசிபிக்கின் இந்தப் பக்கத்தில் பிறந்தது. அந்த டோஜோவை யப்பான் அரசே 2016 இல் தன் உணவுக்கான நல்லெண்ணத் தூதர்களில் ஒருவராக்கியது. அந்த அரசுக்கே பிரச்சினை இல்லை. ஸ்காபரோவில் இருக்கிற உனக்கு என்னடா பிரச்சினை?

ராமென் சீனாவில் இருந்து போனது. டெம்புரா 16ஆம் நூற்றாண்டில் போத்துக்கேயரோடு போனது. அதே போத்துக்கேயர்தான் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். எங்கள் வாயில் இருக்கிற 'பாண்' அவர்களுடைய சொல். யப்பானிய மொழியிலும் பாணுக்குப் பெயர் 'பான்'. அதே கப்பல்காரர், அதே சொல். யப்பானியக் கறி இன்னும் விசேஷம். எங்கள் கறியை ஆங்கிலேயர் தூளாக்கிப் போத்தலில் அடைத்து யப்பானுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் அதைக் கொஞ்சம் இனிப்பாக்கி, மாப் போட்டுத் தடிப்பாக்கி, பொரித்த இறைச்சியோடு தருகிறார்கள். அதை முதன்முறை சாப்பிட்ட அம்மம்மா, "ஆரோ காய்ச்சல்காரருக்கு வைச்ச கறி போலை கிடக்கு" என்றார்.

எல்லாக் கடையும் ஒன்றுதான் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை வேலை விஷயமாக ஒரு வாடிக்கையாளர் என்னை ஒமகாசே உணவகம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சமையல்காரர் முன்னால் நின்று, ஒவ்வொரு துண்டாக, தான் விரும்பியதைத் தருவார். சோறு உடம்புச் சூட்டில் இருந்தது. மீன் வாயில் கரைந்தது. அது பெரிய வித்தை; அதை இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அந்த வித்தையை அளக்கிற பத்தி தம்பியின் ஷீட்டில் இல்லை. முதலாளி எந்த நாட்டவர் என்பதைத்தான் அது அளக்கிறது. ரொறன்ரோவில் சுஷிக் கடை நடத்துபவர்களில் பலர் கொரியரும் சீனரும். அவர்களுடைய முகத்தைப் பார்த்துப் புள்ளி குறைக்கிறவன், தன்னுடைய முகத்தை ஆராவது இப்படி அளந்தால் என்ன செய்வான்?

அப்படியென்றால் ஒரு குடும்பமாக யப்பானிய உணவகங்களை எப்படி ஒப்பிடுவது? நாங்கள் ஒன்பது பேர். அம்மம்மாவுக்கு 86 வயது, வோக்கர் பிடித்து நடக்கிறார், வெள்ளிக்கிழமை மச்சம் தொடமாட்டார். அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேர், ஒருவனுக்கு நான்கு வயது. அப்பாவுக்குப் பச்சை மீன் என்றால் பயம். பெரியமாமாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இந்த ஒன்பது பேரையும் வைத்துக்கொண்டு பட்டியலைப் பாருங்கள்.

ஒமகாசே என்றால் ஒரு பலகைக்கு முன்னால் எட்டுப் பத்துக் கதிரை, எல்லாரும் ஒரே வரிசை. அம்மம்மாவும் அக்காவின் சின்னவனும் ஒருவரை ஒருவர் பார்க்கவே முடியாது. சின்னவன் மூன்றாம் துண்டிலேயே கத்தத் தொடங்குவான். ராமென் கடை இளம் பெடியளுக்கு நல்லது. பெப்ரவரியில் வெளியே வரிசையில் நிற்கக் கால் வேண்டும், உயரமான ஸ்டூலில் ஏற இடுப்பு வேண்டும். சூப் பெரும்பாலும் பன்றி எலும்பு அவித்தது. இசகாயா எனக்குப் பிடித்த இடம். உள்ளே போனவுடன் எல்லாப் பணியாளரும் சேர்ந்து கத்தி வரவேற்பார்கள். நாங்களும் சத்தமாகக் கதைக்கிற சனம்தானே, பொருந்தும். ஆனால் அது குடிக்கிற இடம், தட்டுகள் சின்னன், ஒன்பது பேருக்குப் பில் ஏறுகிற வேகம் பயங்கரம். முன்னால் நின்று வெங்காயத்தில் எரிமலை செய்து காட்டுகிற தெப்பன்யாக்கி கடைக்குப் பிள்ளைகள் மயங்குவார்கள், இரண்டாம் முறை அதே எரிமலைதான்.

ஓல் யூ கான் ஈட் கடைக்குக் குறைகள் இல்லையா? நிறைய உண்டு. சோறு சில நாள் குளிர்ந்து இறுகிப்போய் வரும். வசாபி என்று தருவது பெரும்பாலும் பச்சை நிறம் போட்ட வேறொரு கிழங்கு. இரண்டு மணித்தியாலத்துக்குள் எழும்ப வேண்டும். மிச்சம் விட்டால் துண்டுக்குத் துண்டு காசு. அதற்குப் பயந்து அப்பா ஒருமுறை ஐந்து சோற்று உருண்டையைக் கடதாசிக் கைத்துடைப்பில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்து, அடுத்த கிழமை கோயிலில் கையை விட்டு எடுத்தார். ஆனால் அங்கே பெரிய வட்ட மேசை இருக்கிறது. வாசலில் படி இல்லை. வெண்டிக்காய், கத்தரிக்காய், பூசணிக்காய் டெம்புரா இருக்கிறது, மாங்காய் ரோல் இருக்கிறது. சின்னவன் கத்தினால் பக்கத்து மேசையில் இன்னொரு சின்னவன் பதில் கத்துவான். பிலிப்பினோக் குடும்பம், கயானாக் குடும்பம், பிறந்தநாள் பலூனோடு சீனக் குடும்பம். மூன்று தலைமுறையும் ஒரே மேசையில் இருந்து, அவரவர் பல்லுக்கு ஏற்றதைச் சாப்பிட்டு எழும்புகிற இடம் ஸ்காபரோவில் வேறு எத்தனை?

இங்கே பிரயோசனமான ஒரு விஷயமும் சொல்லவேண்டும், ஏனென்றால் இதை எந்த ஒப்பீட்டிலும் நான் பார்த்ததில்லை. மிசோ சூப் சைவம் இல்லை. பெரும்பாலான கடைகளில் அதன் அடித் தண்ணீர் டாஷி. கடற்பாசியும் உலர்ந்த சூரை மீன் சீவலும் அவித்தெடுத்தது. டெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளத் தருகிற குழம்பிலும் அதே டாஷிதான். பொரித்த தோஃபுவின் மேல் ஆடிக்கொண்டிருக்கிற மெல்லிய சீவலும் மீன்தான். "இறைச்சி இருக்கிறதா?" என்று கேட்டால் பணியாளர் "இல்லை" என்பார், அது பொய்யும் இல்லை. "டாஷி இருக்கிறதா, மீன் இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும். நான் இதை அறிந்தபோது அம்மம்மா எத்தனையோ வெள்ளிக்கிழமை அந்தச் சூப்பைக் குடித்து முடித்திருந்தார். சொல்லலாமா விடலாமா என்று யோசித்துக் கடைசியில் சொன்னேன். அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முருகனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாதெண்டு" என்றார். இப்போது வெள்ளிக்கிழமை போவதில்லை.

இதையெல்லாம் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவன் விடவில்லை. "அது வேறை அண்ணா. அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு மரியாதை இருக்கு. அதைக் கெடுத்துப்போட்டு விக்கிறாங்கள்" என்றான்.

மரியாதை. சண்டையே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

2022 செப்டெம்பரில் மிஷலின் வழிகாட்டி முதன்முறையாக ரொறன்ரோவுக்கு வந்தது. நட்சத்திரம் பெற்ற 13 உணவகங்களில் 5 யப்பானியவை. இரண்டு நட்சத்திரம் கிடைத்த ஒரே இடமும் யோர்க்வில்லில் இருக்கிற சுஷி மசாக்கி சைட்டோ. அப்போதே அங்கே ஒரு ஆளுக்கு 600 டொலருக்கு மேல். அந்தப் பதின்மூன்றில் தமிழ்ச் சாப்பாடு எதுவும் இல்லை. அந்த ஐந்தில் இன்னொன்று, கைசெக்கி யூ-ஜென் ஹஷிமோட்டோ, வின்ஃபர்ட் டிரைவ் பக்கத்தில் யப்பானிய கனடியக் கலாசார நிலையக் கட்டடத்துக்குள் இருக்கிறது. டொன் வலி நெடுஞ்சாலையில் போகும்போது நீங்கள் எத்தனையோ தரம் அதைக் கடந்திருப்பீர்கள்.

அந்தக் கலாசார நிலையத்தின் கதையைக் கேளுங்கள். 1942 இல் கனடிய அரசு, பசிபிக் கரையில் இருந்து 160 கிலோமீற்றருக்குள் வாழ்ந்த ஏறக்குறைய 22,000 யப்பானிய கனடியரை அப்புறப்படுத்தியது. பெரும்பாலானோர் கனடியப் பிரஜைகள். ஏறக்குறைய 1,200 மீன்பிடி வள்ளங்கள் பறிக்கப்பட்டன. வீடு, காணி, கடை எல்லாவற்றையும் அரசே விற்றது. யுத்தம் முடிகிற நேரத்தில், ரொக்கி மலைக்குக் கிழக்கே போ, இல்லாவிட்டால் யப்பானுக்குப் போ என்றார்கள். ஏறக்குறைய 4,000 பேரை யப்பானுக்கு அனுப்பினார்கள். 1949 ஏப்ரல் வரை கரைக்குத் திரும்ப விடவில்லை. கிழக்கே வந்தவர்களில் பலர் ரொறன்ரோவில் தங்கி, 1960களில் தங்கள் வீடுகளை ஈடு வைத்துக் காசு திரட்டி அந்த நிலையத்தின் முதல் கட்டடத்தைக் கட்டினார்கள். அதை வரைந்தவர் ரேமண்ட் மொரியாமா. பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்லோக்கனில் முகாமில் இருந்த பிள்ளை. 1973 இல் திறந்த ஸ்காபரோ சிவிக் சென்ரரும் அவர் வரைந்ததுதான். என் அக்காவின் கல்யாணப் பதிவு அங்கேதான் நடந்தது. அந்த வெள்ளைக் கட்டடத்துக்கு முன்னால் நின்று நாங்கள் எல்லாரும் படம் எடுத்தோம், யார் கட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 21,000 டொலர் கொடுத்தது 1988 இல். ஆகவே யப்பானியச் சாப்பாட்டுக்கு இந்த நாட்டில் எப்போதும் மரியாதை இருந்தது என்று நினைக்காதீர்கள். வள்ளத்தைப் பறிகொடுத்தவர்கள் சமைத்த மீனுக்கு அப்போது யாரும் வரிசையில் நிற்கவில்லை. மீனும் சோறும் அதேதான். இடையில் மாறியது யப்பானின் காசு. டொயோட்டாவும் சோனியும் வந்தன, கோட்டுப் போட்ட யப்பானிய வியாபாரிகள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் சுஷிக்கு விலை வந்தது.

இது என் சொந்தக் கற்பனை இல்லை. நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் உணவு பற்றிப் படிப்பிக்கும் கிருஷ்ணேந்து ராய் 2016 இல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஒரு நாட்டுச் சாப்பாட்டுக்கு மக்கள் என்ன விலை கொடுக்கத் தயார் என்பதை, அந்த நாட்டவர் இங்கே எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது பெரிதும் தீர்மானிக்கிறது என்பது அவருடைய வாதம். ஏழைகளாகப் பெருந்தொகையாக வந்தால் அவர்களுடைய சாப்பாடு 'மலிவுச் சாப்பாடு'. நாடு பணக்காரனானால் சாப்பாடும் கலை.

வெள்ளைக்காரர் அப்படி அளக்கிறார்கள் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. நாங்களும் அதே அளவுகோலை வாங்கி எங்கள் அம்மாமாரின் சமையலில் வைத்துப் பார்க்கிறோமே, அதுதான் வயிறு எரிகிறது.

டாஷிக்குப் போடுகிற சூரை மீனுக்கு வருவோம். கட்சுவோபுஷி. சூரையை அவித்து, புகையில் வைத்து, கல்லுப் போல இறுகும்வரை உலர்த்துவார்கள். எங்கள் வீட்டு மாசி என்ன? அதே சூரை. அவித்து, புகை காட்டி, வெயிலில் உலர்த்தி மாலைதீவில் இருந்து இலங்கைக்கு வந்தது. யப்பானில் அதற்கு மேலே பூஞ்சணம் பிடிக்க விடுகிறார்கள், அது ஒரு கூடுதல் வேலை. மற்றபடி இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரங்கள். கடற்பாசிச் சூப்பில் இருக்கிற அந்தச் சுவைக்கு 1908 இல் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் 'உமாமி' என்று பெயர் வைத்தார். இன்றைக்கு நீங்கள் எல்லாரும் அந்தச் சொல்லைச் சொல்கிறீர்கள். உலர்ந்த சூரை டாஷியில் கிடந்தால் உமாமி. அம்மம்மா மாசி இடித்துச் சம்பல் போட்டால், "ஐயோ மணக்குது, யன்னலைத் திற, என் ஜாக்கெட்டை மேலே கொண்டுபோ." நானும் சொன்னவன்தான். பள்ளிக்கூடத்தில் என் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே குப்பையில் போட்ட நாட்கள் உண்டு.

'ஜிரோ ட்றீம்ஸ் ஒஃப் சுஷி' என்ற 2011ஆம் ஆண்டு ஆவணப்படத்தைப் பார்த்திருப்பீர்கள். பத்து வருடம் பழகவேண்டும் என்கிறார்கள், முட்டை ஒன்றைச் சரியாகச் செய்ய ஒருவர் இருநூறு தடவைக்கு மேல் முயல்கிறார், கடைசியில் அழுகிறார். பார்க்கிற எங்களுக்கும் கண் கலங்குகிறது. விடியப்புறம் நான்கு மணிக்கு ஸ்காபரோவில் ஏதோ ஒரு பிளாசாவின் பின்பக்கக் கதவைத் திறந்து, மாவை அவித்து, சுடுதண்ணி ஊற்றிக் குழைத்து, உரலில் இடியப்பம் பிழியத் தொடங்குகிற அன்ரியைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. தண்ணீரின் சூடு கொஞ்சம் பிழைத்தால் மா உரலில் இறுகும், தோள்மூட்டுப் போகும். அவருக்கும் பத்து வருடம் ஆகியிருக்கும். நாங்கள் என்ன செய்கிறோம்? சொதியும் சம்பலும் இனாமாக எதிர்பார்க்கிறோம். ரோல்ஸ் விலை 50 சதம் கூடினால், "என்ன அண்ணை, கொள்ளையடிக்கிறியள்" என்கிறோம். கொத்து ரொட்டிப் பெட்டி முன்பு போல நிரம்பவில்லை என்று ஒரு நட்சத்திரம் போடுகிறோம். யோர்க்வில்லில் ஒரு விரல் அளவு மீனைச் சமையல்காரர் கையால் எடுத்து வைத்தால் குனிந்து வாங்குகிறோம்.

"எங்கட கடையள் அப்பிடித்தானே அண்ணா இருக்கு" என்றான் தம்பி. "ஸ்ரைரோஃபோம் பெட்டி, மேசை துடைக்கிறேல்லை, 'என்ன வேணும்' எண்டு சண்டைக்கு வாற மாதிரிக் கேக்கிறது." உண்மை. நானும் எத்தனையோ தரம் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறேன். சில கடைகளில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காகப் போவதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் 2024 ஒக்ரோபரில் மணிக்கு 17.20 டொலர் ஆனது. இடியப்பத்துக்கு நாங்கள் கொடுக்கிற விலையை வைத்துக்கொண்டு அரிசி மா, வாடகை, மின்சாரம் எல்லாம் கழித்து, அந்தச் சம்பளத்தைக் கட்டிப் பாருங்கள். நான் ஒரு ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. வராத மிச்சத்தை அந்த அன்ரி தன் தோள்மூட்டில் இருந்து கொடுக்கிறார். முதலாளியைத் திட்டுங்கள், திட்ட வேண்டியதுதான். ஆனால் 'எங்கட சாப்பாடுதானே, மலிவாய்த்தான் இருக்கவேணும்' என்று நினைக்கிற ஒவ்வொருவரும் அந்தக் கணக்கில் பங்காளி.

இப்போது பெரியமாமா. 1989 இல் வந்தவர். வந்த மூன்றாம் கிழமை டவுன்ரவுனில் ஒரு யப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவப் போனார். ரொறன்ரோவில் அந்த நாட்களில் எந்தக் குசினியின் கதவைத் திறந்தாலும் இரண்டு தமிழர் இருப்பார்கள் என்று சொல்வார்கள். சுஷிக் கடையிலும் இருந்தார்கள். இரண்டு வருடத்தில் மாமா பொரிக்கிற இடத்துக்கு ஏறினார். 19 வருடம் டெம்புரா. தண்ணீருக்குள் ஐஸ் கட்டி போடவேண்டும், மாவைக் கனக்க அடிக்கக் கூடாது, கட்டியாகக் கிடந்தால் கிடக்கட்டும், எண்ணெய்க்குள் ஒரு சொட்டு விட்டால் பாதி தாண்டு மேலே வரவேண்டும். இதெல்லாம் மாமாவின் வேதம். தீபாவளிக்கு அவர் பொரிக்கிற வாழைக்காய்ப் பஜ்ஜி கண்ணாடி போல் உடையும். முன்பக்கம் வாடிக்கையாளருக்கு எதிரே நின்று சுஷி சுற்றுகிற இடத்துக்கு மட்டும் அவரை விடவில்லை. "உனக்கு முகம் சரிவராது" என்று முதலாளி சிரித்துக்கொண்டே சொன்னாராம். மாமாவும் சிரித்துக்கொண்டே எங்களுக்குச் சொல்வார்.

தம்பியின் ஷீட்டில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு எடுத்த கடைகள் இருக்கின்றனவே, அவற்றின் பொரியல் சட்டிக்குப் பின்னால் நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியுமா? முன்னால் நிற்கிற முகத்துக்குத்தான் அவன் புள்ளி போட்டான். மாமாவின் முதலாளி பார்த்த அதே விஷயம்.

இதை நான் குழுவில் எழுதினேன். ஒரு நாள் முழுக்க ஒருவரும் பதில் போடவில்லை. பிறகு அம்மா குரல் பதிவு அனுப்பினார்: "எனக்கு வழமையாப் போற கடை காணும். சண்டை பிடிக்காமல் வாங்கோ."

சனிக்கிழமை போனோம். ஒன்பது பேர், வட்ட மேசை. முதல் டெம்புராத் தட்டு வந்ததும் மாமா ஒரு கத்தரிக்காயைக் கடித்துப் பார்த்து, "மாவை அடிச்சுக் கொண்டுபோட்டாங்கள்" என்றார். கொஞ்ச நேரத்தில் ஆளைக் காணவில்லை. குசினிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று ஒரு பெடியனோடு கதைத்துக்கொண்டிருந்தார். பஞ்சாபில் இருந்து படிக்க வந்த பெடியனாம். மாமா தன்னுடைய ஆங்கிலத்தில், கையால் காட்டிக் காட்டி, ஐஸ் தண்ணீர் பற்றி வகுப்பு எடுத்தார். பெடியன் முதலில் சிரித்தான், பிறகு கவனமாகக் கேட்டான். மேசைக்கு வந்த மூன்றாவது தட்டு உண்மையாகவே மொறுமொறு என்று இருந்தது. தம்பி நான்கு துண்டு எடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை. எழும்பும்போது மாமா அந்தப் பெடியனுக்கென்று தனியாக இருபது டொலர் கொடுத்துவிட்டு வந்ததைப் பார்த்தேன். வழக்கமாக மாமா ரிப்ஸ் விஷயத்தில் மகா கஞ்சன்.

வருகிற மாதம் அப்பாவின் பிறந்தநாள். இந்தமுறை யப்பான் வேண்டாம், எங்கள் சாப்பாட்டுக்குப் போவோம், போத்தல் தண்ணீரில் இருந்து சொதிவரை எல்லாவற்றுக்கும் காசு கொடுத்துச் சாப்பிடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்கே சம்மதமில்லை. "வீட்டிலை கிடக்கிறதை வெளியிலை போய் ஏன் காசு குடுத்துத் தின்பான்" என்கிறார். அவரோடு இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ, வாசலில் படி இல்லாத, ஒன்பது பேர் ஒரே மேசையில் இருக்கக்கூடிய யாழ்ப்பாணச் சாப்பாட்டுக் கடை தெரிந்தால் எனக்கு எழுதுங்கள். விலையைப் பற்றி எழுத வேண்டாம்.